லென்ஸில் பழுதில்லை

சுயம்புராஜ் அந்த லென்ஸை இராஜாக்கமங்கலம் துறையில் ததேயுஸிடம் வாங்கினான். ததேயுஸ் பல வருஷம் உல்லாசக் கப்பல்களில் புகைப்படக்காரராக இருந்தவர். கப்பல் நிற்கும் துறைமுகங்களில் இறங்கி, பழைய சாமான் சந்தைகளில் லென்ஸ் தேடி வாங்குவது அவருடைய பழக்கம். வேலையை விட்டு ஊரோடு வந்த பிறகு அதுவே தொழிலாகிவிட்டது. அவர் வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி, அதற்குள் ஒரு பல்பு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். கடல் காற்றின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும் என்ற பயம்.

"ரஷ்யாக்காரன் உண்டாக்கின சாதனம் தம்பி. ரேஞ்ச்ஃபைண்டருக்குள்ளது. உனக்க மிரர்லெஸ்ஸில சுகமா இருக்கும்" என்றார்.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்குள், படம் எடுக்கும்போது எழுந்து மடங்கும் கண்ணாடி கிடையாது. அதனால் அதன் லென்ஸ் பிலிமுக்கு வெகு நெருக்கத்தில் உட்காரும்படி செய்யப்பட்டது. பிற்பாடு வந்த எஸ்.எல்.ஆர். கேமராக்களில் அதைப் பொருத்த வழியில்லை. இப்போதைய மிரர்லெஸ்ஸில் மறுபடியும் அந்தக் கண்ணாடி இல்லாததால், அடாப்டர் என்ற ஒரு வளையத்தை நடுவில் வைத்துத் திருகினால் அறுபது வருஷத்துப் பழைய லென்ஸும் உட்கார்ந்துகொள்ளும். ஒன்றுதான், தானாக ஃபோகஸ் ஆகாது. வியூஃபைண்டருக்குள் கண்ணை வைத்து, வளையத்தைக் கையால் திருப்பி, எங்கே தெளிவாகிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

சுயம்புராஜுக்கு அந்த லென்ஸ் கல்யாணப் படங்களுக்கு வேண்டியிருந்தது. நாகர்கோவிலில் தெருவுக்கு இரண்டு ஸ்டுடியோ. எல்லாரிடமும் அதே கேமரா, அதே லென்ஸ், கம்ப்யூட்டரில் பூசுகிற அதே நிறம். யார் எடுத்த படம் என்று பெயர் பார்த்தால்தான் தெரியும். பழைய லென்ஸில் வெளிச்சம் வேறு மாதிரி விழுந்தது. நகையின் மினுக்கம் குத்தாமல் பரவியது, முகத்தின் நிழல் கறுத்துப் போகாமல் சாம்பலாகவே நின்றது. மனைவி சபிதா மஸ்கட்டில் நர்ஸ். வரும் சித்திரையோடு வேலையை விட்டு வந்துவிடுவதாக இருந்தாள். அதற்குள் வடசேரியில் உள்ள தன் ஸ்டுடியோவுக்கு ஒரு பெயர் வாங்கிவிட வேண்டும் என்பது அவன் கணக்கு.

ஆடி முடிந்ததும், கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடியை வட்டக்கோட்டைக்கு அழைத்துப் போனான். பையனும் பெண்ணும் கோட்டைச் சுவரின் மேல் கைகோத்து நடந்தார்கள், பின்னால் கடல். வியூஃபைண்டருக்குள் பார்த்தபோது சுவரின் விளிம்பு நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. கேமராவைத் தாழ்த்திப் பார்த்தான். சுவர் நேராக இருந்தது. மறுபடி கண்ணை வைத்தான். இப்போது கடலின் கோடும் அதே இடத்தில் தொய்ந்து கிடந்தது. பழைய லென்ஸ், ஓரங்கள் கொஞ்சம் வளையத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் இது ஓரமல்ல, நட்டநடு.

அன்று எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டான். பாதிக்கு மேல் ஃபோகஸ் தப்பியிருந்தது. பெண்ணின் கண்ணுக்குத் திருப்பிய ஃபோகஸ் அவள் காதிலோ, பின்னால் இருந்த கல்லிலோ விழுந்திருந்தது. அந்த ஜோடியிடம் மழை மூட்டத்தின் மேல் பழி போட்டு, இன்னொரு நாள் தானியங்கி லென்ஸ் கொண்டுபோய் எடுத்துக் கொடுத்தான். அதில் ஒரு படமும் தப்பவில்லை. அந்த லென்ஸில் ஆளின் கண்ணைக் கேமராவே தேடிப் பிடித்துக்கொள்ளும். கல்யாண மண்டபத்து நெரிசலிலும் அவன் கேமராவைத் தலைக்கு மேலே தூக்கி, பின்னால் உள்ள திரையைப் பார்த்துத்தான் எடுப்பான். வியூஃபைண்டருக்குள் கண்ணை வைத்து நிதானமாகப் பார்க்கும் வேலை அவனுக்கு வெகுநாளாகவே இல்லை.

அடாப்டரை மாற்றினான். புது அடாப்டரிலும் அப்படியேதான். கொச்சியில் லென்ஸ் பழுதுபார்க்கும் ஒருவருக்கு அனுப்பினான். அவர் துடைத்து, எண்ணெய் போட்டு, குறை ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார். ஆவணியும் புரட்டாசியும் இப்படியே போயின. கடைசியில் லென்ஸை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனான்.

ததேயுஸ் அதைத் தன்னுடைய கேமராவில் மாட்டி, வாசலில் நின்று, தெருமுனையில் சிலுவை நிற்கும் சிறு குருசடியை எடுத்துக் காட்டினார். குருசடியின் கம்பிக் கதவு இழை இழையாகத் தெரிந்தது.

"பார்த்தியா? லென்ஸு சரியாத்தான் இருக்கு."

"எனக்கு மட்டும் எப்படிண்ணே தப்புது? வியூஃபைண்டர்ல கோடு எல்லாம் வளையுது."

"படத்தில வளையுதா?"

"படத்தில இல்ல."

"பின்னே? மிரர்லெஸ்ஸில உள்ள தெரியுறதுதான் படத்தில விழும். இடையில வேற ஒண்ணும் கிடையாது. பாக்கிறவன் சரியாப் பாத்தா படம் தப்பாது தம்பி."

சுயம்புராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. "பதினஞ்சு வருஷமா படம் எடுக்கேன். எனக்குப் பாக்கத் தெரியாதுங்கீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல."

"வேண்டாம். நீங்க இதத் திருப்பி எடுத்துக்கிடுங்க."

"பழுதில்லாத பொருளை என்னத்துக்குத் திருப்பணும்? பிடிக்கலன்னு சொல்லி வந்திருந்தா நான் அன்னைக்கே வாங்கிப் போட்டிருப்பேன். பழுதுன்னு சொல்லித் தந்தா வாங்க மாட்டேன். பேரு கெட்டுப் போவும்."

பேச்சு வளர்ந்து, ததேயுஸின் மனைவி விக்டோரியா உள்ளிருந்து வந்து எட்டிப் பார்க்கும்படி ஆயிற்று. சுயம்புராஜ் திரும்பும் வழியில் ஈத்தாமொழியில் பைக்கை நிறுத்தி, புகைப்படக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினான். ததேயுஸிடம் லென்ஸ் வாங்குகிறவர்கள் பார்த்து வாங்குங்கள், கெட்டுப்போனதைத் துடைத்து விற்கிறார், கேட்டால் நமக்குக் கண் தெரியாது என்கிறார் என்று எழுதினான். குழுவில் கேரளத்துக்காரர்களும் நிறையப் பேர் உண்டு. வீடு வந்து சேருவதற்குள் பலர் அதை மற்ற குழுக்களுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சபிதா வீடியோ காலில் வந்தாள். அவளுக்கு அன்று விடுமுறை. கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே பேசினாள். அவன் லென்ஸைப் பற்றித் தொடங்கியதும், "இப்பவும் அந்தக் கதைதானா?" என்றாள்.

"ஏட்டி, நான் சொல்லுகதக் கேளு. கோட்டைச் செவரு நடுவில குழிஞ்சு தெரியுது. கடலும் அப்படித்தான். எடுத்த படத்தில பாத்தா ஒண்ணும் இல்ல."

வெங்காயம் வெட்டும் சத்தம் நின்றது.

"எந்தக் கண்ணு வச்சுப் பாப்பீங்க?"

"வலது கண்ணு. எப்பவும் அதுதானே."

"எதுத்தாப்பில சன்னல் இருக்கா?"

"இருக்கு. என்னத்துக்கு?"

"இடது கண்ணப் பொத்திக்கிட்டுக் கம்பியப் பாருங்க. கண்ணாடியக் கழட்டாண்டாம்."

சுயம்புராஜ் சிரித்துக்கொண்டே இடது கண்ணைப் பொத்தினான். ஸ்டுடியோ சன்னலின் கம்பிகள், அவன் பார்த்த இடத்தில், ஒன்றையொன்று நோக்கிச் சரிந்து நெளிந்தன. அந்த இடத்தில் ஈர விரலால் தேய்த்தது போல ஒரு கலங்கல். பார்வையை நகர்த்தினான். கலங்கலும் கூடவே நகர்ந்தது.

"என்ன தெரியுது?"

"கம்பி கொஞ்சம் வளைஞ்சிருக்கு. பழைய சன்னலாக்கும்."

"இனி வலது கண்ணப் பொத்துங்க."

அவன் பொத்தினான். கம்பிகள் நேராக நின்றன. அவன் கையை இறக்கினான். சபிதா கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஃபோனுக்கு மிக அருகில் வந்திருந்தாள்.

"எப்ப இருந்து இப்படி?"

"லென்ஸு வாங்கின பிறகுதான்."

"எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"எத்தன தடவ சொன்னேன், லென்ஸு சரியில்ல லென்ஸு சரியில்லன்னு."

"லென்ஸுன்னுதானே சொன்னீங்க." அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நானும் காது கொடுத்துக் கேக்காமப் போனேன்."

மறுநாளே திருவனந்தபுரத்தில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனான். டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்து, அந்தப் படத்தை அவனுக்கே காட்டி விளக்கினாள். சின்ன வயதிலிருந்தே தடித்த கண்ணாடி போடும் கண். கண்ணின் உருண்டை நீண்டுபோயிருக்கிறது. உள்ளே உள்ள விழித்திரை இழுபட்டு மெலிந்து, அதற்கு அடியில் வேண்டாத ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிந்திருக்கின்றன. கசிந்த இடம் தழும்பாகத் தொடங்கிவிட்டது. அது பார்வையின் நட்டநடுவில்.

"ஊசி போட்டா கசிவு நிக்கும். தழும்பு ஆனது போகாது" என்றாள். "ரெண்டு கண்ணும் தொறந்து பாக்கும்போ இடது கண்ணு எல்லாம் சரியாக்கித் தரும். அதான் உங்களுக்குத் தெரியல."

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா?"

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். "இப்ப உள்ளதக் காப்பாத்தலாம்" என்றாள். பிறகு, இடது கண்ணும் அதே மாதிரிக் கண்தான் என்றும், அதை நாள்தோறும் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னாள்.

ஊசி போடும் அன்று காலையில் அவன் சாமித்தோப்புப் பதிக் கோயிலில் வாங்கிவைத்திருந்த நாம மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு போயிருந்தான். ஆபரேஷன் தியேட்டருக்குள் கூட்டிப் போகும் முன்னால் நர்ஸ் மருந்து நனைத்த பஞ்சால் கண்ணைச் சுற்றித் துடைத்தாள். நாமமும் அதோடு போயிற்று. ஊசி வலிக்கவில்லை. கண்ணுக்குள் கறுப்பாக ஏதோ மிதந்து இறங்குவது மட்டும் தெரிந்தது.

கார்த்திகையில் சபிதா லீவு போட்டு வந்தாள். அடுத்த ஊசிக்கு அவளே கூட்டிப் போனாள், அவளே சொட்டு மருந்து விட்டாள். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு விடுவது போல, கன்னத்தைக் கீழே இழுத்து, பேசாமல் விட்டாள். கலங்கல் பெரிதாகவில்லை. குறையவும் இல்லை. வலது கண்ணால் பார்த்தால் அவள் தலைமுடியும் தோளும் தெரிந்தன, முகம் இருக்கும் இடத்தில் முகம் இல்லை. அதை அவன் அவளிடம் சொல்லவில்லை.

கண் கொஞ்சம் தெளிந்ததும், ததேயுஸைப் பார்க்க வேண்டும் என்றான். சபிதாவும் கூட வந்தாள். பைக் ஓட்டுவதை அவன் நிறுத்தியிருந்ததால் பஸ்ஸில் போனார்கள்.

ததேயுஸ் அவர்களை உட்காரச் சொன்னார். விக்டோரியா பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தாள். சுயம்புராஜ் நடந்ததையெல்லாம் சொன்னான். சொல்லி முடித்து, "நான் எழுதினது தப்புண்ணே" என்றான்.

ததேயுஸ் அலமாரிப் பக்கம் திரும்பினார். அதில் இடமில்லாமல் லென்ஸுகள் அடைந்து கிடந்தன. அவன் முன்பு வந்தபோது இருந்ததைவிட அதிகம்.

"கண்ணுக்கு இப்படி வந்ததில எனக்கு வருத்தம் உண்டு. அது வேற. நீ எழுதினது வேற. கொச்சியில எனக்கிட்ட வாங்குகிற ஒருத்தன் பார்சலப் பிரிச்சுக்கூடப் பாக்காமத் திருப்பி அனுப்பியாச்சு. அவனுக்கும் எனக்கும் எத்தன வருஷப் பழக்கம்! நான் ஃபோன் போட்டா எடுக்க மாட்டான்." ஒரு வாய் சாயா குடித்தார். "நீ இங்க வந்து எனக்க காதில சொன்னா வேற யாருக்குக் கேக்கும்? குரூப்பில சொன்னே. குரூப்பில சொல்லு."

சபிதா குறுக்கிட்டாள். "அண்ணே, அப்படி எழுதினா இவருக்குக் கண்ணு போச்சுன்னு எல்லாரும் அறிவாங்க. கல்யாண ஆர்டர் ஒண்ணும் நிக்காது."

"தெரியும் மோளே. எனக்கும் ஒண்ணும் நிக்கல."

அவர் குரல் உயரவில்லை. இருவரும் எழுந்தார்கள். விக்டோரியா மட்டும் வாசல்வரை வந்து, சபிதாவின் கையைப் பிடித்து, மாதாவை வேண்டிக்கொள்வதாகச் சொன்னாள்.

பஸ்ஸில் சபிதா சொன்னாள். "தை மாசம் கழியட்டும். இருக்கிற கல்யாணத்த முடிச்சிட்டு எழுதுங்க. இல்லன்னா அடாப்டர்ல கொளாறுன்னு எழுதுங்க. அடாப்டர் நீங்க வேற எங்கயோ வாங்கினதுதானே. அவருக்கும் பேரு திரும்பும், நமக்கும் ஒண்ணும் வராது."

அவனுக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது. அடாப்டர் என்று எழுதினான். அழித்தான். ஒன்று போட்டுச் சரிவராமல் இன்னொன்றும் மாற்றிப் பார்த்ததாக அவனே அந்தக் குழுவில் முன்னால் எழுதியிருந்தான். யாராவது எடுத்துக் கேட்டால் அதற்கும் ஒரு பொய் சொல்ல வேண்டும். அதைவிட, இடது கண்ணை மட்டும் நம்பிக் கல்யாணம் எடுக்கும்போது, தாலி கட்டுகிற நேரத்தில் அந்தக் கண்ணும் கலங்கினால் என்ன செய்வது என்ற எண்ணம் அவனை விடவில்லை. யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணம், அவர்களிடம் சொல்லாமல் எப்படி எடுப்பது?

சபிதா கிளம்புவதற்குச் சில நாள் முன்பு, அவள் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் எழுதினான். ததேயுஸ் அண்ணன் தந்த லென்ஸில் பழுதில்லை. என் வலது கண்ணில்தான் பழுது. அது தெரியாமல் அவரைக் குறை சொன்னேன். முன்பு நான் எழுதியதை எந்தக் குழுவுக்கெல்லாம் அனுப்பினீர்களோ அங்கேயெல்லாம் இதையும் அனுப்புங்கள். அவ்வளவுதான் எழுதினான். ஆஸ்பத்திரியில் தந்த படத்தையும் சேர்த்துப் போட்டான்.

அனுதாபச் செய்திகள் வரிசையாக வந்தன. கும்பிடும் கைகள் வந்தன. ததேயுஸிடமிருந்து வந்தது ஒரே வார்த்தை: "பார்த்தேன்."

சபிதா திரும்பிவந்து மீனைக் கழுவ வைத்துவிட்டு ஃபோனைப் பார்த்தாள். அவளுக்கும் யாரோ அனுப்பியிருந்தார்கள்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லீட்டுப் போட்டிருக்கலாம்."

"சொன்னா நீ விட்டிருக்க மாட்டே."

"அவருக்கு நியாயம் செய்தாச்சு" என்றாள். "எனக்கு?"

அவள் அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். மீன் கழுவுகிற நேரத்தைவிட அதிக நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பிடும்போது, சித்திரையில் வரப்போவதில்லை என்றும், இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கேட்டிருப்பதாகவும் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

தை மாதத்துக்குப் பேசியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். சிலர் ஃபோனில் சொன்னார்கள், சிலர் சொல்லவும் இல்லை. தோவாளை பூ மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் செய்யும் கோலப்பன் மட்டும் நேரில் வந்தார். சபிதா மஸ்கட்டுக்குத் திரும்பிவிட்டது தெரியாமல் அவளுக்கென்று வாழையிலையில் கட்டிய பிச்சிப்பூவும் கொண்டுவந்திருந்தார். ஸ்டுடியோ நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கண்ணைப் பற்றியும் ஊசியைப் பற்றியும் விசாரித்தார்.

"ஒத்த மகளாக்கும் சுயம்பு. ஒரு தடவ நடக்கிற காரியம். வீட்டில பெண்ணுங்க பயப்படுகா. நீரு ஒண்ணும் மனசில வச்சுக்கிடாதீரும்."

"இதில என்ன இருக்கு அண்ணாச்சி. நான் உங்க இடத்தில இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்."

அவன் அதை மனதாரத்தான் சொன்னான். ஆனால் அவர் போன பிறகு பூப்பொதியை என்ன செய்வதென்று தெரியாமல் மேசைமேலேயே வைத்துவிட்டான். இரண்டு நாளில் அது அழுகி, ஸ்டுடியோ முழுக்க வாடை அடித்தது.

கோலப்பன் வீட்டுக் கல்யாணத்தை ரிஜோ எடுப்பதாக ஏற்பாடாயிற்று. கோட்டாற்றில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ரிஜோ சுயம்புராஜுக்கு நான்கைந்து வயது இளையவன். ஒருநாள் தயங்கித் தயங்கி ஃபோன் செய்தான்.

"அண்ணே, லைட்டு பிடிக்க ஆளு கிட்டல. தப்பா நினைக்கப்பிடாது. உங்களுக்கு வெளிச்சம் தெரியும்னுதான்..."

சுயம்புராஜ் யோசிக்கக்கூட நேரம் எடுக்கவில்லை. "வாறேன்" என்றான்.

மண்டபம் முழுக்கப் பூ. தூணுக்குத் தூண் பூச்சரம், மேடையின் பின்சுவர் முழுவதும் சம்பங்கியும் அரளியும். சுயம்புராஜ் விளக்குக் கம்பத்தைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மேடையோரம் நின்றான். ரிஜோ கண்ணால் காட்டும் முன்பே விளக்கைப் பொருத்தமான உயரத்துக்குத் தூக்கிவிட்டான். மாப்பிள்ளை தாலியை எடுத்தான். பெண் தலையைக் குனிந்தாள். அவள் நெற்றிச்சுட்டியின் நிழல் மூக்கின் மேல் விழாமல் இருக்க விளக்கை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்த வேண்டும் என்று அவனுக்குப் பட்டது, நகர்த்தினான். குலவைச் சத்தம் எழுந்தது. ரிஜோவின் கேமரா ஓயாமல் சத்தமிட்டது. அட்சதை அவன் தலையிலும் விழுந்தது.

அவனைப் பார்த்ததும் கோலப்பனுக்கு முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அருகில் வந்தார்.

"சாப்பிட்டீரா?"

"ரிஜோ முடிக்கட்டும் அண்ணாச்சி."

சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்து மறுபடியும், "சாப்பிட்டீரா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் வேறு யாரையோ வரவேற்கப் போய்விட்டார்.

கடைசிப் பந்தியில்தான் இடம் கிடைத்தது. விளக்கைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு சுயம்புராஜ் உட்கார்ந்தான். பரிமாறுகிறவன் பாயசத்தோடு வந்தபோது, கோலப்பன் அவன் கையிலிருந்து வாளியை வாங்கித் தானே ஊற்றினார். நிறைய ஊற்றிவிட்டார். பாயசம், அதோடு பிசைய வைத்திருந்த போளியைத் தாண்டி இலையின் விளிம்புவரை ஓடிற்று. சுயம்புராஜ் கையால் அணை போட்டுத் தடுத்தான். அவர் வாளியோடு அங்கேயே நின்றார்.

"நாளைக்கு மறுவீடு. நீரும் வரணும். ரிஜோட்ட சொல்லியிருக்கேன்."

"வாறேன் அண்ணாச்சி."

அவர் வாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு அடுத்த இலைக்கு நகர்ந்தார். சுயம்புராஜ் தலையைக் குனிந்து, பாயசம் ஒழுகிப் போகும் முன் போளியைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினான். மேடையில் ஆட்கள் ஏணி வைத்து ஏறிப் பூக்களைப் பிய்த்து இறக்கிக்கொண்டிருந்தார்கள்.